நடுவில் மொட்டை விழுந்த சாஸ்தா டெய்சி: பல்லாண்டுச் செடி என்றது பொய்யா?

கேள்வி, மார்ச் 9

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாஸ்தா டெய்சி நட்டேன், வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகப் பூக்கிற செடி. முதல் வருடம் பத்துப் பன்னிரண்டு பூ. இரண்டாம் வருடம் எண்ணி மாளவில்லை. போன வருடம் பாதியாகக் குறைந்தது. இப்போது குளிர் விட்டதும் போய்ப் பார்த்தால், தூரின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த கட்டை, சுற்றிலும் வளையம் போலப் பச்சை. பல்லாண்டுச் செடி, ஒரு தடவை நட்டால் போதும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். உரத்துக்கும் குறை வைக்கவில்லை. இது நோயா, ஏமாற்றா?

மார்ச் 9, இரவு

இரண்டும் இல்லை. வயது.

சாஸ்தா டெய்சி தூரிலிருந்து வெளிப்பக்கமாகப் புதுக் கன்று விட்டுக்கொண்டே போகும். நடுவில் இருப்பது முதல் வருடத்துத் தண்டின் அடிக்கட்டை. அது முற்றிக் கட்டையாகி, பூத்து ஓய்ந்து, செத்துப்போகும். மூன்று வருடத்தில் இப்படி ஆவதுதான் இதன் வழக்கம். பல்லாண்டுச் செடிதான், ஆனால் அற்பாயுள் பல்லாண்டு. நீங்கள் கை வைக்காவிட்டால் நான்காம் வருடம் வளையமும் போய்விடக்கூடும்.

கடப்பாரையோ மண்வெட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் இறக்கி, முழுத் தூரையும் மண்ணோடு நெம்பித் தூக்குங்கள். மண்ணை உதறினால் எங்கே பிரிகிறது என்று அதுவே காட்டும். ஓரத்துக் கன்றுகளை மூன்று முதல் ஐந்து தளிரும் கொஞ்சம் வேரும் இருக்கிற துண்டுகளாகப் பிய்த்து எடுங்கள். கையால் வராவிட்டால் பழைய கத்தி. நடுக்கட்டையைத் தூக்கிப் போடுங்கள், பாவம் பார்க்காதீர்கள். துண்டுகளை முழங்கை நீளம் இடைவெளி விட்டு, முன்பு இருந்த அதே ஆழத்தில் நட்டுத் தண்ணீர் விடுங்கள்.

வேர் காயக் கூடாது. தோண்டிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

மார்ச் 10

உரத்தைப் பற்றி எழுத விட்டுவிட்டேன். "குறை வைக்கவில்லை" என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். என்ன உரம்? புல்லுக்குப் போடுகிற தழைச்சத்து உரம் என்றால் செடி இலையாகக் கொழுக்கும், தண்டு நீண்டு தொய்யும், பூ குறையும். சத்தில்லாத மண்ணில் வளர்கிற களையின் உறவு இது. வசந்தத்தில் ஒரு கை மட்கு உரம் போதும்.

மார்ச் 10, மாலை

புல் உரமேதான் என்று பதில் போட்டிருக்கிறார். நினைத்தேன்.

மார்ச் 14

"இது நம்ம வெள்ளைச் சாமந்திதானே, எதற்குப் புதுப் பெயர்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சிரிக்க வேண்டாம், கேள்வி நியாயமானது. பழைய விதைப் பொட்டலங்களில் இதன் பெயரே கிரைசாந்திமம் மாக்ஸிமம் என்றுதான் இருக்கும். கிரைசாந்திமம் என்றால் சாமந்தி. பிறகு தாவரவியலாளர்கள் இதை அங்கிருந்து எடுத்து லூகாந்திமம் என்ற தனிப் பேரினத்தில் வைத்தார்கள். இப்போதைய பெயர் லூகாந்திமம் சூப்பர்பம். லூகாந்திமம் என்றால் கிரேக்கத்தில் வெள்ளைப் பூ, அவ்வளவுதான்.

சாமந்திக்கு உறவு. சூரியகாந்தி, ஜெர்பெரா, துலுக்கச் சாமந்தி எல்லாமே அதே பெருங்குடும்பம். ஆனால் வளர்ப்பில் நேர் எதிர். சாமந்தி பகல் குறுகினால் பூக்கும், சாஸ்தா பகல் நீண்டால் பூக்கும். சாமந்திக்குச் செய்ததையெல்லாம் இதற்கும் செய்து ஏமாந்தவன் நான். அதைத் தனியாக எழுதுகிறேன்.

மார்ச் 23

என்னுடைய தூரையும் இன்று எடுத்துப் பிரித்தேன். ஒன்று, பதினொன்று ஆயிற்று. முதுகு போயிற்று.

குனிந்து உட்கார்ந்திருந்தபோது என் முதல் செடி நினைவுக்கு வந்தது. அதை நான் அன்பால் கொன்றேன். சாமந்திக் கன்றுக்குக் கழுத்துவரை மண் அணைப்பது எனக்குப் பழக்கம், தண்டிலிருந்து புது வேர் விடும் என்று. இதற்கும் அப்படியே அணைத்தேன். இலைகள் கிளம்புகிற அந்தக் குருத்து இரண்டு விரல் ஆழம் உள்ளே போய்விட்டது. போதாததற்குக் குளிர் வருகிறதே என்று காய்ந்த இலையை அள்ளி மேலே ஒரு மெத்தை. அந்தக் குளிர்காலம் முழுக்க மழை. வசந்தத்தில் மூடாக்கை விலக்கினால், கையில் வந்தது செடி இல்லை, கருப்பாக ஊறிய நார்க் கொத்து. இழுத்ததும் வேர் இல்லாமல் மொட்டையாகக் கழன்றது. அந்த நாற்றம் இன்றும் மூக்கில் இருக்கிறது.

குளிர் கொன்றுவிட்டது என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குளிரை இந்தச் செடி நன்றாகவே தாங்கும், உறைபனியில் இலை ரோஜா இதழ் அடுக்கு மாதிரி வட்டமாகத் தரையோடு படிந்து கிடக்கும், அவ்வளவுதான். தாங்காதது குளிரில் தேங்குகிற ஈரம். குருத்து மூச்சுமுட்டினால் தூரழுகல்.

அடுத்ததை மேட்டுப் பாத்தியில் நட்டேன். களிமண்ணில் மணலை மட்டும் கொட்டிச் சரிசெய்யப் பார்த்து அது செங்கல் மாதிரி இறுகியது தனிக் கதை. மட்கு கலந்து பாத்தியை ஒரு சாண் உயர்த்திய பிறகுதான் வடிகால் வந்தது. குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். சில மணி நேரம் கழித்தும் நிற்கிறதென்றால் அந்த இடம் வேண்டாம்.

மார்ச் 24

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் குருத்தை மண்ணுக்கு மேலே தூக்கி, வேர் தெரிய நட்டுவிட்டாராம். ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை. குருத்து மண்மட்டத்தில் இருக்க வேண்டும். மேலே தூக்கி நடுவது ஜெர்பெராவுக்கு. இன்றைக்கே மண் அணைத்துவிடுங்கள்.

ஏப்ரல் 6

பிரித்து நட்ட துண்டுகளில் எட்டு நிமிர்ந்துவிட்டன. மூன்று யோசித்துக்கொண்டிருக்கின்றன.

ஓடில்லா நத்தை இளந்தளிரைத் தின்கிறது. இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் என் மருந்து. முட்டை ஓட்டைத் தூளாக்கித் தூவினால் வராது என்பார்கள், என் வீட்டு நத்தைகள் அதன்மேல் நடைபயிற்சி போகின்றன. அசுவினி மொட்டுத் தண்டில் கருப்பாக அப்பும். தண்ணீரைப் பீய்ச்சினால் பாதி போகும், மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். இலையில் வெள்ளைக் கோடு கிறுக்கினால் இலைத் துளைப்பான். அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் போதும், இதற்கெல்லாம் மருந்தடிக்கக் கிளம்பாதீர்கள்.

ஏப்ரல் 20

மழை. வெளியே வேலை இல்லை, அதனால் கதை.

இந்தச் செடி இயற்கையில் கிடையாது. உருவாக்கியவர் லூதர் பர்பாங்க். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1849-இல் பிறந்தவர். அந்தப் பகுதி வயல்களில் ஆக்ஸ்ஐ டெய்சி என்கிற மாட்டுக்கண் டெய்சி மண்டிக் கிடக்கும். விவசாயிக்கு அது சனியன். இவருக்குப் பிடித்த பூ. ஒரு நல்ல உருளைக்கிழங்கு ரகம் கண்டுபிடித்து, அதன் உரிமையை 150 டாலருக்கு விற்று, 1875-இல் கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவுக்குப் போய்ச் சேர்ந்தார். பிறகு வந்த ரஸட் பர்பாங்க் கிழங்கு அந்த ரகத்தின் வழிவந்தது, வறுவலுக்காக உலகமெங்கும் பயிரிடுகிறார்கள். 150 டாலர்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அவருக்கு வந்திருக்கும் போல.

டெய்சி வேலையை 1884-இல் தொடங்கினார். மாட்டுக்கண் டெய்சியோடு ஐரோப்பிய டெய்சிகள் இரண்டை இனக்கலப்பு செய்து, ஆயிரக்கணக்கான நாற்றுகளில் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கி எறிந்து, அப்படியும் வெள்ளை போதவில்லை என்று ஜப்பானிய டெய்சி ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தார். 1901-இல் வெளியிட்டார். பதினேழு வருடம். கலிபோர்னியாவின் வடக்கே 4,322 மீட்டர் உயரத்தில் பனி மூடிய சாஸ்தா மலை இருக்கிறது, அந்த வெள்ளைக்காக அந்தப் பெயர். நம் ஊர்க் காதுக்கு ஐயப்பன் பெயராகக் கேட்கிறது, சம்பந்தம் ஒன்றும் இல்லை.

பதினேழு வருடம் பொறுத்தவரின் செடிக்கு நான் மூன்று வருடத்துக்கு ஒருமுறை குனிந்தால் என்ன?

ஏப்ரல் 21

திருத்தம். நேற்று நான்கு பெற்றோர் என்கிற தோரணையில் எழுதிவிட்டேன். அது பர்பாங்க் சொன்ன கணக்கு. இன்று அறிவியல் பெயரோடு சேர்த்துக் குறிக்கிற பெற்றோர் இரண்டே: லூகாந்திமம் மாக்ஸிமம், போர்ச்சுகலின் லூகாந்திமம் லகுஸ்ட்ரே. அவர் குறிப்பேடுகளைவிட மூக்கை நம்பிய ஆள் என்று பெயர் எடுத்தவர், ஆகவே வம்சாவளியில் கொஞ்சம் புகைமூட்டம் உண்டு.

மே 12

கேள்வி கேட்டவர் தன் வளையத்திலிருந்து ஒன்பது துண்டு எடுத்தாராம். "அதே குழியில் இரண்டைத் திரும்ப வைத்தேன், மற்றதை வேலியோரம்" என்கிறார். வேலியோரம் எத்தனை மணி நேரம் வெயில்? ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். குறைந்தால் தண்டு வெளிச்சத்தைத் தேடிச் சாயும்.

சாய்கிறதைப் பற்றி ஒரு சோதனை. என் பெக்கி ரகத்துத் தூர்களில் ஒன்றை இன்று மூன்றில் ஒரு பங்கு உயரம் கத்தரித்துவிட்டேன். கிளை அதிகம் விடும், குட்டையாக நிற்கும், பூ மட்டும் கொஞ்சம் தாமதமாகும் என்பது கணக்கு. பெக்கி தானாகவே ஓரளவு உறுதியாக நிற்கும், இடுப்புயரம் வரும், வெக்கையையும் புழுக்கத்தையும் மற்றவற்றைவிடத் தாங்கும். 2003-இல் அமெரிக்கப் பல்லாண்டுத் தாவரச் சங்கம் அந்த வருடத்தின் செடியாக அதைத்தான் தேர்ந்தெடுத்தது. அலாஸ்கா, பர்பாங்க் காலத்து ரகம், பார்க்க அழகு, காற்றடித்தால் நமஸ்காரம். தொட்டிக்கு ஸ்னோ லேடி, முழங்கால்கூட வராது.

விதையைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். மண்மேல் தூவி லேசாக அழுத்துங்கள், மூட வேண்டாம், முளைக்க வெளிச்சம் வேண்டும். 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டு வாரத்தில் முளைக்கும். ஆனால் பெக்கியின் விதை பெக்கி ஆகாது. நான் சேர்த்து வைத்துப் போட்டேன், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றின் இதழ் பல் விழுந்த சீப்பு மாதிரி. பெயர் வைத்த ரகம் வேண்டுமென்றால் தூர் பிரிப்பதுதான் வழி.

ஜூன் 8

முதல் பூ.

ஜூன் 9

யாரும் எச்சரிக்காத ஒரு விஷயம். நேற்றுப் பத்துப் பூவை வெட்டிச் சாப்பாட்டு மேசையில் ஜாடியில் வைத்தேன். மாலை வீட்டில் நாய் அசிங்கம் செய்துவிட்டதா என்று தேடினார்கள். எங்களிடம் நாய் கிடையாது. செருப்பையெல்லாம் புரட்டிப் பார்த்தார்கள். கடைசியில் என் மனைவி ஜாடியை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஆமாம், இந்தப் பூ நாறும். எல்லா ரகமும் ஒரே அளவு இல்லை, தோட்டத்தில் நின்றால் அவ்வளவாகத் தெரியாது, மூடிய அறையில் தெரியும். ஈக்களும் இதன் மகரந்தம் சுமக்கிற விருந்தாளிகள், அவர்களுக்கான வாசனை இது. ஜாடியில் ஒரு வாரத்துக்கு மேல் வாடாமல் நிற்கும், அடி இலைகளைக் களைந்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால். ஜாடியை வராந்தாவில் வைத்துவிடுங்கள். நான் அங்கேதான் வைத்திருக்கிறேன். கிட்டத்தட்ட நானும் அங்கேதான்.

ஜூன் 19

ஒரு கண்டுபிடிப்பு. வாசல் விளக்கடியில் இருக்கிற தூர், பின்பக்கத்துத் தூரைவிட ஒன்பது நாள் முந்திப் பூத்தது. இரண்டும் ஒரே தாயிலிருந்து பிரித்தவை. அந்த விளக்கு இரவு முழுக்க எரியும்.

இது நீள்பகல் செடி. பகல் போதுமான அளவு நீளாதவரை இலைச்சுற்றாகவே இருக்கும், தண்டு எழாது. உண்மையில் அது அளப்பது பகலை இல்லை, இரவை. இருட்டு நீளமாகத் தொடர்ந்தால் பூக்காது, நடுவில் வெளிச்சம் பட்டு இருட்டு உடைந்தால் பகல் நீண்டுவிட்டதாக ஏமாறும். நாற்றுப் பண்ணைகளில் இரவு பத்திலிருந்து இரண்டுவரை விளக்குப் போட்டு இதைத்தான் செய்கிறார்கள். ஆக என் வாசல் விளக்கு செடியை ஏமாற்றியிருக்கிறது.

வெப்ப நாட்டிலிருந்து கேட்ட இருவருக்கும் இதுதான் பதில். "இலை பிரமாதம், இரண்டு வருடமாகப் பூவே இல்லை" என்கிறீர்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். பல ரகங்களுக்கு அதற்கு முன் ஒரு குளிர்காலமும் கடந்தாக வேண்டும். செடிமேல் தப்பில்லை, உங்கள்மேலும் இல்லை. மலைப்பகுதி என்றால் விளக்கு வைத்துப் பார்க்கலாம். சமவெளி என்றால் ஜெர்பெரா வையுங்கள், அதுவும் டெய்சிதான், அதுவும் பல்லாண்டுதான், நிறமும் நிறைய.

பூமியின் தென்பாதியில் இருப்பவர்கள் நான் போடுகிற தேதிகளை ஆறு மாதம் தள்ளிப் படித்துக்கொள்ளவும்.

ஜூலை 2

ஜூன் 19-இல் எழுதியதைக் கொஞ்சம் வாபஸ் வாங்குகிறேன். நீள்பகல் விஷயம் சரி. விளக்குதான் காரணம் என்பதில் இப்போது நிச்சயம் இல்லை. வாசல் தூர் சுவரை ஒட்டி நிற்கிறது, பகல் முழுக்க வெயில் வாங்கிய சுவர் இரவில் சூட்டை விடும். மேலும் அதைப் போன வருட செப்டம்பரிலேயே பிரித்து நட்டேன், பின்பக்கத்தது இந்த மார்ச் மாதம் நட்டது. அதற்கு வேர் பிடிக்க ஆறு மாதம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. ஒன்பது நாளுக்கு மூன்று காரணம் இருக்கும்போது எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டேன். அடுத்த வருடம் விளக்கை அணைத்துப் பார்க்க வேண்டும்.

கத்தரித்த தூர் நிமிர்ந்து நிற்கிறது. இன்னும் மொட்டுதான். பக்கத்தில் கத்தரிக்காதது பூத்து, இடிமழையில் பாதி படுத்துவிட்டது.

ஜூலை 15

வாடிய பூவைக் கிள்ளுவது பற்றி. வெறும் தலையை மட்டும் கிள்ளிவிட்டால் மொட்டைக் குச்சிகள் நிற்கும், பார்க்கச் சகிக்காது. தண்டைப் பிடித்துக் கீழே இறங்குங்கள், பக்க மொட்டோ நல்ல இலையோ வருகிற இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பக்க மொட்டு இல்லையென்றால் அடி இலைவரை வெட்டிவிடுங்கள். விதை பிடிக்க விடாமல் இருந்தால் இன்னும் சில வாரம் பூக்கும்.

வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பூவைக் கைவைக்காமல் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நாம் ஒரு பூ என்பது நூற்றுக்கணக்கான பூ. ஒவ்வொரு வெள்ளை "இதழும்" ஒரு தனிப் பூ, பெண்பூ. மஞ்சள் வட்டில் இருப்பதெல்லாம் சின்னஞ்சிறு குழல் பூக்கள், ஆணும் பெண்ணும் ஒன்றிலேயே. அவை விளிம்பிலிருந்து மையத்துக்கு நாளுக்குக் கொஞ்சமாக விரிகின்றன, வட்டைப் பார்த்தாலே பூவுக்கு எத்தனை வயது என்று சொல்லிவிடலாம். மையம்வரை விரிந்து மேடு கட்டிவிட்டதென்றால் கிழம், வெட்டலாம். நடுவில் இன்னும் பச்சை கலந்து இறுக்கமாக இருந்தால் ஜாடிக்கு உகந்தது.

இதழ்கள் 21 அல்லது 34 இருக்கும், பிபொனாச்சி எண் என்பார்கள், அதாவது முந்தைய இரண்டு எண்களைக் கூட்டிக் கூட்டிப் போகிற வரிசை. எண்ணினேன். 21, 22, 34, 29, 21, 31. பூவுக்குக் கணக்குப் பாடம் யாரும் எடுக்கவில்லை போல.

ஜூலை 16

டெய்சி என்ற சொல்லே "பகலின் கண்" என்ற பழைய ஆங்கிலப் பெயரின் திரிபு, இரவில் மூடிக்கொள்வதால் அப்படி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர்க்கதை சரி. மூடிக்கொள்வது புல்தரையில் வருகிற குட்டி டெய்சி, பெல்லிஸ். சாஸ்தா இரவிலும் கண் திறந்தபடிதான் தூங்கும். நத்தை பொறுக்கப் போகிறவன் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 11

ஒரு கெட்ட செய்தி. பதினொன்றில் ஒன்று, பூ பச்சையாக வருகிறது. இதழ்கள் குட்டையாக, சுருண்டு, வட்டின் நடுவிலிருந்து இலை மாதிரி ஏதோ முளைக்கிறது. முதலில் "புது ரகம்!" என்று குதித்தேன், பர்பாங்க் பேய் பிடித்திருந்தது. இல்லை. ஆஸ்டர் மஞ்சள் நோய். பாக்டீரியாவைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிரி, செடியின் சாறு ஓடும் குழாய்க்குள் குடியிருப்பது, தத்துப்பூச்சி ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சுமந்து போகும். மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

முன்பு இங்கே ஒருவர் பச்சைப் பூ வந்த செடியைப் பிரித்து நண்பர்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னது ஞாபகம். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று, பிடுங்கிய பிறகு முழங்கையில் அரிப்புத் தடிப்பு. இந்தக் குடும்பத்துச் செடிகளின் சாறு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கையுறை, முழுக்கைச் சட்டை.

செப்டம்பர் 14

கேள்வி கேட்டவர்: "ஒன்பதில் ஏழு பிழைத்தன. ஆனால் இந்த வருடம் மொத்தமே இருபது பூ. பிரிக்காமலே விட்டிருக்கலாமோ?"

இதை நான் மார்ச் மாதமே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு. வசந்தத்தில் பிரித்தால் அந்த வருடப் பூவில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறோம். செடி வேருக்குச் செலவழிக்கிறது. பூத்து முடிந்து, மண் உறைவதற்கு ஆறு வாரமாவது இருக்கும்போது பிரித்தால் அடுத்த வருடப் பூவுக்கு நஷ்டம் குறைவு. என் வாசல் தூர் அதற்குச் சாட்சி. ஆனால் உங்கள் செடி மார்ச்சில் இருந்த நிலையில் செப்டம்பர்வரை காத்திருந்தால் பிரிக்க என்ன மிஞ்சியிருக்கும்? அதனால் அன்று சொன்னதை மாற்றவில்லை. நடு கட்டையாவதற்கு முன்பே, இரண்டாம் வருடப் பூ முடிந்ததும் கை வைப்பதுதான் சரி. நன்றாகப் பூக்கிற செடியைத் தோண்ட மனசு வராது, அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். நானும்தான்.

குளிர் அதிகம் உள்ள இடத்தில் தாமதமாகப் பிரித்தால் உறைந்து விரிகிற மண் புதுத் துண்டை வெளியே தள்ளிவிடும். அங்கே வசந்தமே மேல்.

நவம்பர் 3

தண்டுகளையெல்லாம் வெட்டிவிட்டேன். அடி இலைச்சுற்றை விட்டுவைத்திருக்கிறேன், அதை மழிக்கக் கூடாது. மூடாக்கு லேசாக, தூரைச் சுற்றி மட்டும், குருத்தின் மேல் இல்லை. வீட்டுக் கூரைத் தண்ணீர் ஒரு தூரின்மேல் சொட்டுவதைப் பார்த்து அதை இடம் மாற்றினேன்.

வேலிக்கு அந்தப்பக்கம் காட்டுநிலம் இருப்பவர்கள் விதைத்தலையை வெட்டிவிடுவது நல்லது. மாட்டுக்கண் டெய்சி ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போய்ப் புல்வெளிகளை விழுங்கிய கதை உண்டு. சாஸ்தா அவ்வளவு முரடு இல்லை, ஆனாலும் உறவுதான்.

அடுத்த வருடம், மார்ச் 12

என் பத்தும் உயிரோடு. அவருடைய ஏழில் ஆறு. போனது எது தெரியுமா? பழைய குழியிலேயே திரும்ப வைத்த இரண்டில் ஒன்று. மண்ணைக் கிளறினாரா, மட்கு சேர்த்தாரா என்று கேட்டேன். "அதே குழிதானே என்று அப்படியே வைத்தேன்" என்கிறார். பழைய அழுகல் கட்டையின் மிச்சம் உள்ளே கிடந்திருக்கும். பிரிக்கும்போது நடுவை எறியச் சொன்னேன், குழியைச் சுத்தம் செய்யச் சொல்லவில்லை. இதையும் மார்ச் 9-உடன் சேர்த்துப் படிக்கவும்.

மார்ச் 13

அவர் எழுதியது: "ஆறில் மூன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்களிடம் பல்லாண்டுச் செடி, ஒரு தடவை நட்டால் போதும் என்று சொன்னேன்."

அடப்பாவி.

மார்ச் 20

வாசல் விளக்கை நேற்றிலிருந்து அணைத்து வைத்திருக்கிறேன். பகலும் இரவும் சமமாகும் நாள், சோதனைக்கு நல்ல தொடக்கம். பின்பக்கத்துத் தூரும் இப்போது வேர் பிடித்துவிட்டது, ஆக மிச்சம் இருப்பது சுவரின் சூடு மட்டும். ஜூனில் முதல் பூ எங்கே வருகிறது என்று இங்கேயே எழுதுகிறேன். இதற்குள் வீட்டில் இரண்டு பேர் வாசற்படியில் தடுக்கிவிட்டார்கள், மூன்றாவது ஆள் தடுக்கினால் விளக்கு திரும்ப எரியும் என்று எழுத்துமூலம் வாங்கிக்கொண்டார்கள்.